மீன் வெட்டாத நான்கு கிழமைகள்

ஒரு பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறைக்கு, "திருவிழா முடியும்வரை என் மகள் மீன் வெட்டமாட்டாள்" என்று கடிதம் எழுதிய மனிதன் உலகத்தில் ஒருவன்தான் இருப்பான். அந்த ஒருவன் நான். கடிதத்தில் எழுத்துப்பிழை இல்லை. பிரதி ஒன்றை என் கடிதக் கோவையில் போட்டும் வைத்தேன். இருபத்தாறு வருடம் அரசாங்க எழுதுவினைஞனாக இருப்பவனுக்கு மூளை போனாலும் பிரதி வைக்கிற பழக்கம் போகாது.

அந்தக் கடிதத்தின் பலனை ஓர் ஐப்பசிக் காலையில், துறையின் விறாந்தையில் நின்று படித்தேன். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து, செத்த உயிர்களைக் கெடாமல் வைக்கிற போமலின் மணம் வந்து கண்ணைக் கரித்தது. கண்ணாடி போட்ட அறிவித்தல் பலகையில் ஒரு தாள்: விலங்கியல் செய்முறைப் பரீட்சைக்குத் தோற்றத் தகுதியற்றோர். ஏழு இலக்கங்கள். நான்காவது என் மகள் ஆரணியுடையது. காரணம்: வரவு போதாது.

பதினைந்து செய்முறை வகுப்பில் பன்னிரண்டுக்காவது போயிருக்க வேண்டும். அவள் போனது பதினொன்று.

ஒன்றுதான் குறைவு. அந்த ஒன்று ஒரு பிள்ளையின் நாலு வருடத்தை என்ன செய்யும் என்று விளங்கவேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

ஏணியின் அடிப்படி

உயர்தரத்தில் உயிரியல் எடுத்த பிள்ளையை எங்கள் ஊரில் முதல் நாளே டொக்டர் என்று கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள். ரியூசன் கொட்டிலில் ஒரு வாங்குக்கு எட்டு டொக்டர்மார் நெருக்கிக்கொண்டு இருப்பார்கள். முடிவு வந்து நாலைந்து பேர் மருத்துவத்துக்குப் போனதும், மிச்சப்பேரெல்லாம் ஒரே நாளில் ஒன்றுக்கும் உதவாதவர்களாகிவிடுவார்கள்.

பல்கலைக்கழக அனுமதிக் கைந்நூலில் அவர்களுக்கு எத்தனையோ படிப்புகள் இருக்கின்றன. பல் வைத்தியம், மிருக வைத்தியம், சித்த மருத்துவம், விவசாயம், தாதியியல், உயிரியல் விஞ்ஞானம். கைந்நூலில் அது வெறும் பட்டியல். எங்கள் ஊரில் அது ஏணி. உச்சியில் மருத்துவம். அடிப்படியில், மண்ணைத் தொட்டுக்கொண்டு, உயிரியல் விஞ்ஞானம் என்கிற பயோ சயன்ஸ்.

ஆரணிக்குக் கிடைத்தது அடிப்படி. ஒரு கிழமையாக வீட்டுக்கு வந்தவர்கள் செருப்பைக் கழற்றும்போதே முகத்தை வாட்டிக்கொண்டார்கள். ஒரு பெண்மணி என் மனைவியைக் கட்டிப்பிடித்து அழுதேவிட்டார். நாங்களும் வந்த துக்கத்துக்கு ஏற்றபடி சீனி குறைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தோம்.

ரொறன்ரோவிலிருந்து அக்கா போன் எடுத்தா.

"பயோ சயன்ஸோ? அது படிச்சிட்டு என்ன, வைத்தியம் பாப்பினமோ?"

"இல்லை அக்கா. ஆராய்ச்சி செய்யலாம், படிப்பிக்கலாம்..."

"ஓ. அப்ப மூண்டாந்தரமும் சோதினை எடுக்கச் சொல்லன்."

ஆரணி போனைப் பறித்தாள். "மாமி, நான் விரும்பித்தான் போறன்."

"அது சரி பிள்ளை. ஆக்கள் கேட்டால் என்னெண்டு சொல்லுறது?"

எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் இதுதான். பனி கொட்டுகிற அந்த ஊரில், பக்கத்து வீட்டுக்காரன் பெயரே தெரியாத அந்தத் தெருவில், அக்காவிடம் எந்த ஆக்கள் வந்து கேட்கப்போகிறார்கள்? இணுவிலில் எங்கள் வெங்காயத்தில் நோய் விழுந்தால் எந்த இருதய சத்திரசிகிச்சை நிபுணர் வந்து குழாய் வைத்துப் பார்ப்பார்? நெல்லையும் மீனையும் மாட்டையும் மண்ணையும் படிக்கிறவர்கள் எல்லாரும் மருத்துவத்தில் வழுக்கி விழுந்தவர்கள் என்றால், இந்த நாடு மூன்று நேரமும் எதைச் சாப்பிடுகிறது? மாத்திரையையா?

இப்படியெல்லாம் நான் வீட்டில் முழங்கினேன். சலூனில் முடி வெட்டிக்கொண்டிருந்தபோது "மகள் என்ன படிக்கிறா?" என்று கேட்டார்கள். "மெடிசின் பக்கம்" என்று சொன்னேன். கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

சைவப் பாடம், அசைவப் பாடம்

கம்பசில் முதலாம் வருடம் நான்கு பாடங்களில் மூன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். இரசாயனவியல், தாவரவியல், விலங்கியல், மீன்பிடி விஞ்ஞானம்.

நான் தாவரவியல் படித்தவன். பெரிய ஈடுபாடு ஒன்றுமில்லை. எங்கள் காலத்தில் பாடம் தெரிவுசெய்ய ஒரே விதிதான் இருந்தது: எந்தப் பாடத்தின் விரிவுரையாளர் கொழும்புக்கோ லண்டனுக்கோ போகாமல் இன்னும் ஊரில் நிற்கிறார்? எங்களுக்குத் தாவரவியல்காரர் நின்றார். அவருக்குச் சைக்கிள் ஓடத் தெரியாததுதான் காரணம் என்று பேசிக்கொண்டார்கள். மூன்று வருடப் பட்டத்தை ஆறு வருடத்தில் முடித்து, வெங்காயத்தின் விஞ்ஞானப் பெயரோடு ஒரு கந்தோரில் போய் உட்கார்ந்தேன். அந்தப் பெயரை அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

"தாவரவியல் எடு பிள்ளை. சுத்தமான பாடம்" என்றேன்.

"அப்ப விலங்கியல் அசுத்தமோ?"

"வெள்ளிக்கிழமையிலை எலியை வெட்டிப்போட்டு வந்து சாமி விளக்கு ஏத்துவியோ?"

"வெள்ளிக்கிழமையிலை அம்மா வெட்டுற கத்தரிக்காய்க்கும் உயிர் இருக்கு அப்பா. அது கத்தாது, அவ்வளவுதான்."

அவளுக்கு வேண்டியிருந்தது மீன்பிடி விஞ்ஞானம். அதற்குக் காரணம் அவளோடு ரியூசனில் படித்த ஜெசிந்தா. குருநகர்ப் பிள்ளை, அவளுக்கும் பயோ சயன்ஸ்தான் கிடைத்தது, தகப்பன் நண்டு வலை போடுகிறவர். வருடத்துக்கு வருடம் நண்டு சின்னதாகிக்கொண்டு போகிறதாம். வலையில் வருவதில் பாதி முட்டை நண்டாம். ஏன் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்களாம். இந்த இரண்டு பெட்டைகளும் அதைக் கண்டுபிடிக்கப் போகிறார்களாம்.

"நண்டு ஏன் சின்னனாப் போகுது எண்டு கண்டுபிடிக்க நாலு வருஷமோ?" என்று கேட்டேன்.

"நீங்கள் ஐம்பது வருஷமாச் சாப்பிடுறியள். கண்டுபிடிச்சியளோ?"

தாவரவியலை மட்டும் விட்டுவிட்டு மற்ற மூன்றையும் எடுத்தாள்.

இனி நிபந்தனை. மூன்று பாடத்திலும் சித்தியடைந்தால் மூன்று வருடத்தில் பொதுப் பட்டம். ஒரே பாடத்தில் நின்று நாலாம் வருடம் ஆய்வும் செய்தால் சிறப்புப் பட்டம். மீன்பிடியில் சிறப்புப் பட்டம் வேண்டுமென்றால் முதலாம் வருட விலங்கியலில் 'பீ' தரம் எடுக்கவேண்டும், அதுவும் முதல்முறையிலேயே. பரீட்சையைத் தவறவிட்டு அடுத்த வருடம் எழுதினால், கேள்வித்தாள் தயாரித்தவரே வந்து எழுதினாலும் 'சீ' தரத்துக்கு மேல் போடமாட்டார்கள்.

ஆக, ஒரு நாள் வரவு குறைந்தால் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லையென்றால் பீ இல்லை. பீ இல்லையென்றால் நாலாம் வருடமும் இல்லை, நண்டும் இல்லை.

நேர்த்தி

உயர்தர முடிவு வருவதற்கு முன் நான் ஒரு நேர்த்தி வைத்தேன். பிள்ளைக்கு மருத்துவம் கிடைத்தால், வருடா வருடம் நல்லூர் முருகன் கோயிலில் கொடியேறுகிற நாள் முதல் இருபத்தைந்து நாளும் எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்கிற மச்சம் இல்லை என்று. மருத்துவம் கிடைக்கவில்லை. ஆனாலும் நேர்த்தியைக் கைவிட மனம் வரவில்லை. அது நடுநிலையாக நடக்கிற கடவுளைப் பழிவாங்குவது போல இருக்கும்.

உண்மையில் அந்த நாட்களில் ஊரே சைவம்தான். வீடு கழுவி, மச்சச் சட்டிகளைப் பரணில் ஏற்றி, புதுச் சட்டி வாங்கி ஒரு பக்தி. கடைசி நாள் தீர்த்தம் முடிந்து இரண்டாம் நாள் விடியற்காலையில் மீன் சந்தையில் நெருக்குப்படுகிற கூட்டத்தைப் பார்த்தால் அந்தப் பக்தியின் ஆழம் தெரியும். அந்தக் கூட்டத்தின் முன்வரிசையில் நான் நிற்பேன்.

ஆரணியின் முதலாம் வருடத்தில் கொடியேறியபோது, புதன்கிழமைகளில் மீன் வெட்டுகிற செய்முறை என்று தெரியவந்தது. நான் குறுக்கே நின்றேன்.

"நேர்த்தி வைச்சது நீங்கள். லாப்புக்குப் போறது நான். ரெண்டுக்கும் என்ன தொடுப்பு?" என்றாள்.

"உனக்காகத்தானே வைச்சனான்!"

ஒரு தகப்பன் இந்த வசனத்தைச் சொல்லிவிட்டால் பிறகு பிள்ளைக்குச் சொல்ல ஒன்றுமிருக்காது. அதைத் தெரிந்துகொண்டுதான் சொல்கிறோம். நான்கு புதன்கிழமையும் அவள் வீட்டில் இருந்தாள். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தையும் புரட்டாமல் இருந்தாள். நான் அதைப் படிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

கடிதம் இப்படிப் போனது: "எனது மகள் பூரண தேகாரோக்கியத்துடன் இருந்தும், குடும்ப நேர்த்திக்கடன் நிமித்தம், மேற்படி காலப்பகுதியில் மீன், நண்டு முதலிய ஜீவராசிகளை அறுக்கும் வகுப்புகளில் பங்குபற்றமாட்டார் என்பதை மனவருத்தத்துடன் அறியத்தருகிறேன்."

பதில் வரவில்லை. பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்வது எங்கள் கந்தோர் வழக்கம்.

காய்ச்சல் வராத பிள்ளை

இனி அந்த விறாந்தைக்கு வருகிறேன். பக்கத்தில் இன்னொரு தகப்பன் நின்றார். வட்டுக்கோட்டைக்காரர். குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வெகு நிம்மதியாக நின்றார்.

"அண்ணை, உங்கடையும் உதிலை இருக்கோ?"

"நாலாவது."

"என்ரை பெடியன் ரெண்டாவது. யோசியாதேங்கோ. மெடிக்கல் ஒண்டு குடுத்தால் பேரை வெட்டிவிடுவினம். நான் டெங்கு எண்டு எடுத்தனான்."

"அடப்பாவமே. இப்ப தம்பிக்குச் சுகமோ?"

"டெங்கெங்கை அண்ணை! அவன் கிரிக்கெட் விளையாடப் போனவன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராத டெங்குக்கு முத்திரை குத்திய கடதாசி இருக்கிறது; அதனால் அந்தப் பெடியன் பரீட்சை எழுதுவான். உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பலகையில் இடம். இந்த நாட்டில் உண்மையை எழுதிக் கொடுக்க ஒரு படிவம்கூட இல்லை. எல்லாவற்றுக்கும் காய்ச்சல்தான். மாமி செத்தாலும் காய்ச்சல், மாடு கன்று போட்டாலும் காய்ச்சல்.

அவ்வளவு கோபத்துக்கு நடுவிலும், ஒரு டெங்கு எடுக்க எத்தனை நாள் செல்லும் என்று அவரிடம் விசாரித்துக்கொண்டேன். அதை மறைத்து எழுதினால் நான் பத்திரிகைக்கு எழுதிவருகிற இந்தத் தொடருக்கே அர்த்தமில்லை.

துறைத் தலைவர் ஒரு பெண்மணி. வெள்ளை அங்கி, கையுறை, நெற்றி நிறையத் திருநீறு. நான் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

"ஓ, நீங்களோ! உங்கடை கடிதத்தை இஞ்சை எல்லாரும் வாசிச்சனாங்கள்."

வெட்கம்கெட்ட எழுத்தாள மனம் ஒரு கணம் குளிர்ந்தது. பிறகு வந்த காரியம் ஞாபகம் வந்தது.

"மேடம், அவவுக்கு அந்த நேரம் கொஞ்சம் காய்ச்சல் மாதிரியும் இருந்தது..."

அவர் கோவையை எடுத்துப் புரட்டினார். "'பூரண தேகாரோக்கியத்துடன் இருந்தும்.' இது நீங்கள் எழுதினதுதானே?"

"ஓம்."

"வடிவான கையெழுத்து."

அதோடு நான் வெடித்தேன். "மேடம், பொய் சொன்னவன்ரை பிள்ளை சோதினை எழுதும். உண்மை சொன்னவன்ரை பிள்ளை வெளியிலை நிக்கும். இது ஆர் போட்ட சட்டம்?"

"அரசாங்க டொக்டர் கையெழுத்து வைச்ச கடதாசியைப் பொய்யெண்டு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. எனக்கும் உதிலை கோவம்தான்" என்றார். "ஆனால் உண்மை சொன்னது நீங்கள் ஐயா, பிள்ளை இல்லை. பிள்ளையை ஆரும் கேட்டனீங்களோ?"

நான் கோவையிலிருந்த என் வடிவான கையெழுத்தைப் பார்த்தேன்.

"நானும் இருபத்தைஞ்சு நாளும் விரதம்தான். விடியக் கோயில். எட்டு மணிக்கு இஞ்சை மீன். பின்னேரம் முழுகிப்போட்டுத் திரும்பவும் கோயில். முருகன் இதுவரைக்கும் ஒண்டும் கேக்கேல்லை." கையுறையைக் கழற்றினார். "இன்னொண்டு. நாலாம் புதன்கிழமை நாங்கள் மீனே வெட்டேல்லை. பறவை இறகின்ரை அமைப்புப் படிச்சது."

"கோழி இறகோ?" என்றேன், எங்கேயாவது ஒரு பிடி கிடைக்குமா என்று.

"மயில் இறகு."

மயில் இறகைத் தொடக்கூடாது என்று முருகனுக்காக என் பிள்ளையை வீட்டில் மறித்து வைத்திருந்திருக்கிறேன். அந்த ஒரு நாள் போயிருந்தால் பன்னிரண்டு.

நான் எழும்பப்போனபோது சொன்னார். "இருங்கோ. ஆரணி முந்தநாளே வந்து கதைச்சவ. அழவுமில்லை, கடிதமும் கொண்டு வரேல்லை. மற்றக் குழுவுக்கு ஒரு மீன் செய்முறை மிச்சம் இருக்கு, வாற வியாழக்கிழமை எட்டு மணிக்கு. அதிலை செய்தால் பன்னிரண்டு வந்திடும். லிஸ்ட் வெள்ளிக்கிழமைதான் மேலுக்குப் போகும். ஆனால் என்னட்டை அந்தக் குழுவுக்கு மட்டுமட்டாக் காணக்கூடிய மீன்தான் இருக்கு. அவ தன்ரை மீனைக் கொண்டு வரவேணும். வெறுங்கையோடை வந்தால் வரவு போடமாட்டன்."

படியிறங்கும்போது நாள் எண்ணிப் பார்த்தேன். வியாழக்கிழமை கந்தசஷ்டி மூன்றாம் நாள். நான் ஆறு நாளும் பாலும் பழமுமாக இருக்கிறவன்.

பாரை

"சஷ்டியிலை மீனோ!" என்றாள் மனைவி.

"முருகனோடை நான் கதைக்கிறன்" என்றேன்.

ஆரணி, "நான் ஒழுங்கு பண்ணுறன் அப்பா, நீங்கள் பேசாமல் இருங்கோ" என்றாள். நான் விடவில்லை. நான் இழுத்த கரைச்சல், நானே மீனோடு வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

வியாழன் விடிய முழுகி, வேட்டியோடும் திருநீற்றோடும் மோட்டார் சைக்கிளில் குருநகர்க் கரைக்குப் போனேன். பாலும் பழமுமாக மூன்றாம் நாள் இருந்த எனக்கு அந்த மணம் ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் பசியையும் கிளப்பியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மீன் விற்ற பெண் என் நெற்றியைப் பார்த்தா.

"ஐயா, இண்டைக்குச் சஷ்டியெல்லோ?"

"எனக்கில்லை. கம்பசுக்கு."

"கம்பசுக்குச் சஷ்டி இல்லையாக்கும்."

நான் கண்ணைப் பார்த்தேன், செவுளைத் தூக்கிப் பார்த்தேன், வாலை விரித்துப் பார்த்தேன்.

"பொம்பிளை பாக்கிற மாதிரிப் பாக்கிறியள். அது உங்களைப் பாக்காது ஐயா, செத்துப்போச்சு."

பெரிதாக, மரியாதையான ஒரு பாரையைத் தெரிந்தெடுத்தேன். என் முழங்கைக்கு மேல் நீளம். "செதிள் தட்டாதேங்கோ. குடல் எடுக்காதேங்கோ. செட்டை வெட்டாதேங்கோ" என்றேன்.

"அப்ப என்னத்துக்கு வாங்கிறியள்? கொண்டுபோய் வளக்கவோ?"

ஏழே முக்காலுக்குக் கம்பஸ் வாசலில் நின்றேன். ஆரணி பையைத் திறந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அந்தக் கிழமையில் முதல்முறையாகச் சிரித்தாள். "சரி அப்பா, தாங்கோ" என்று வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

நான் எதிரே ஒரு கடைவாசலில் நின்றேன். எட்டு, ஒன்பது, பத்து. மழை வந்தது, விட்டது, திரும்ப வந்தது. கைகளில் மீன் மணம் போகவில்லை. நாற்பது வருடமாகக் கோயிலில் நான் கேட்டவற்றில் ஒன்றைக்கூட இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை: ஒரே ஒரு வரவு.

பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்து, தெருவைக் கடக்காமலே கையைத் தூக்கிக் காட்டினாள்.

வெள்ளிக்கிழமை பலகையில் அவளுடைய இலக்கம் இல்லை. பரீட்சை எழுதினாள். மாதங்கள் கழித்து முடிவு வந்தது. விலங்கியலில் பீ. சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவானவர்களின் பட்டியலில் ஆரணியும் ஜெசிந்தாவும். அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "அப்ப மீனுக்கு டொக்டரோ?" என்று கேட்டா. இந்தமுறை நான் ஓம் என்றே சொல்லிவிட்டேன்.

அன்று பின்னேரம் ஜெசிந்தா வீட்டுக்கு வந்தாள். அயலில் இரண்டொருவரும் இருந்தார்கள். சஷ்டி விரதத்தோடு கரைக்குப் போய் மீன் கொண்டுவந்து பிள்ளையின் படிப்பைக் காப்பாற்றிய கதையை நான் எடுத்தேன். அதற்குள் அந்தப் பாரை என் வாயில் இன்னும் ஒரு சாண் வளர்ந்திருந்தது. ஆரணி குசினிக்குள் போய்விட்டாள். ஜெசிந்தா நெளிந்தாள்.

"அங்கிள், சொன்னால் கோவிக்கமாட்டியளோ?"

"சொல்லு பிள்ளை."

"அண்டைக்கு வெட்டவேண்டியிருந்தது கெளிறு மீன். செய்முறைத் தாளிலை அப்பிடித்தான் போட்டிருந்தது. உங்கடை பாரையைக் கண்டிட்டு மேடம், ஆருக்கு விருந்து எண்டு கேட்டவ. ஆரணி முதலே கேட்டதாலை நான் அப்பாட்டைச் சொல்லி ஒரு கெளிறு கொண்டு போனனான். ஆரணி அதைத்தான் வெட்டினவ."

"அப்ப என்ரை பாரை?"

"என்ரை அம்மா குழம்பு வைச்சவ" என்றாள் ஜெசிந்தா. தேத்தண்ணீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, வெகு அக்கறையோடு சொன்னாள்: "இனி விரதத்திலை வாங்கேக்கை கொஞ்சம் சின்னனா வாங்குங்கோ அங்கிள். எங்கடை சட்டிக்குள்ளை கொள்ளேல்லை."